துபாசியின் ஊர்

கிணற்றடியில் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி முன் அறைக்குள் வந்த சோமசேகரம், சுவர்ச் சுவிட்சில் தாம் கட்டியிருந்த கைலேஞ்சித் துணி அவிழ்ந்து கதிரையின் முதுகில் தொங்குவதைக் கண்டார். சுவிட்ச் நிறுத்தப்பட்டிருந்தது. மேசையில் கொம்பியூட்டரும் அதனோடு பொருத்திய ரீவியும் உயிரில்லாமல் கிடந்தன.

"ஆர் உதை நிப்பாட்டினது?"

குசினிக்குள் இருந்து மனைவி ஞானாம்பிகைதான் முதலில் வாய் திறந்தாள். "என்னைக் கேக்காதேங்கோ. அந்தச் சுவிட்சுக்குக் கிட்டப் போறதெண்டால் எனக்கு மூலஸ்தானத்துக்குள்ளை கால் வைக்கிற மாதிரி."

"நான்தான் நிப்பாட்டினனான், அப்பா." யன்னலோரம் நின்ற மகள் குணலட்சுமி சொன்னாள். ஓகஸ்ட் விடுமுறை, பாடசாலை இல்லை. இரண்டு நாளாக அவள் அந்த மேசையை விட்டு எழும்பவில்லை என்பது அவருக்குத் தெரியும். "நிப்பாட்டி, புதிசா ஏத்திப் பாக்கவேண்டியிருந்தது. ஒருக்கா இருங்கோவன். ஒரு விசயம் சொல்லவேணும்."

அவர் இருக்கவில்லை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வெயிலில் நின்று அளந்த மனிதர். கேட்கப் பிடிக்காத எதையும் நின்றபடி கேட்பதே அவர் வழக்கம்.

"பருத்தித்துறை ஆழ்வாப்பிள்ளையற்றை மகன்ரை இலக்கினம் கன்னி இல்லை, அப்பா. துலாம்."

ஈரத்துவாய் அவர் தோளில் அப்படியே நின்றது.

அந்தக் கொம்பியூட்டரை மகன் தியாகராசா போன வருடம் லண்டனிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். கறுத்த, தட்டையான, பள்ளிக்கூடப் புத்தகத்தைவிடச் சிறிய பெட்டி. கிரக நிலைகளைக் கணிக்க அது தோதாக இருக்கும் என்று எழுதியிருந்தான். ஆனால் அதற்குத் தெரிந்த மொழி இங்கிலீசு. எங்கள் பிள்ளைகளின் சாதகத்தை இங்கிலீசில் கேட்பதா என்று சோமசேகரம் அதைத் தொட மறுத்துவிட்டார். கணிதம் படித்து ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த குணலட்சுமிக்கு அந்த மறுப்பே போதும். புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்துகளை அமைத்தாள். தகப்பன் தமிழில் தட்டும் வரியை வாசித்து, அதைப் பெட்டிக்கு விளங்கும் எண்களாக்கி, அங்கேயே செய்வித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும் ஒரு நிரலை எழுதினாள். வெள்ளைக்காரத் துரைக்கும் ஊர்ச் சனத்துக்கும் இடையில் நின்று கதைத்தவர்களை அந்தக் காலத்தில் துபாசி என்றார்கள். அவளும் தன் நிரலுக்குத் துபாசி என்றே பெயர் வைத்தாள். துபாசியைக் கசெற்றிலிருந்து பெட்டிக்குள் ஏற்றவேண்டும். கசெற் கீச்சிடும்போது எங்கேயாவது ஒரு சொட்டுப் பிசகினால் திரும்பவும் முதலிலிருந்து. ஆகவே ஒரு முறை ஏறிவிட்டால், மின்சாரம் தானாகப் போகும்வரை யாரும் நிறுத்தக்கூடாது என்று சோமசேகரம் சட்டம் போட்டார். கைலேஞ்சி அந்தச் சட்டத்தின் முத்திரை.

துபாசிக்குச் சில பொதுப்பெயர்கள் இருந்தன. ஊர், நாள், நேரம் என்பவை. சூரிய உதயம் கணிக்கும் பகுதியும் இலக்கினம் கணிக்கும் பகுதியும் பொருத்தம் பார்க்கும் பகுதியும் அந்த ஒரே பெயர்களைத்தான் பார்க்கும். நாளையும் நேரத்தையும் ஒவ்வொரு சாதகத்துக்கும் துபாசியே கேட்டு வாங்கும். ஊரைக் கேட்காது. ஏற்றும்போது ஊர் என்பதற்குள், பூமியில் கொக்குவில் எங்கே கிடக்கிறது என்று சொல்லும் அகலாங்கும் நெட்டாங்கும் கடிகார வித்தியாசமும் இருக்கும். யாராவது மாற்றினால் ஒழிய அதுவே இருக்கும். இதில் உள்ள ஆபத்தை அவள் அப்போதே சொன்னாள்.

"துபாசிக்கு ஞாபகம் ஒண்டுதான், அப்பா. ஒரு கணக்குக்காக ஊரை மாத்தினால், பெட்டியை நிப்பாட்டுமட்டும் எல்லாக் கணக்குக்கும் அந்த ஊர்தான். ஒரு கணக்குக்குள்ளை போகேக்கை பழைய ஊரை ஒரு பக்கத்திலை எடுத்து வைச்சு, வெளியிலை வரேக்கை திரும்ப வைக்கப் பண்ணலாம். ஆனால் பெட்டிக்குள்ளை இடம் காணாது. உங்கடை தலைப்பை எடுத்தால் காணும்."

தலைப்பு என்பது ரீவியில் எந்தக் கணக்குக்கும் முன்னதாகத் தோன்றும் வரிகள்: 'தண்டையல் முருகேசு பேரன் சர்வேயர் சோமசேகரம் கணித்தது.' சுற்றிலும் பூவேலை. முருகேசு பாய்க்கப்பல் ஓட்டியவர். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து ரங்கூனுக்குப் போய், அரிசியோடும் தேக்கோடும் பருத்தித்துறைக்குத் திரும்பி வந்தவர். கப்பலும் போய், கடலும் போய், அந்த வம்சம் கொக்குவிலில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் மதில் கட்டி இருக்கிறது. மிஞ்சியிருப்பது பெயர் ஒன்று. அதை எடுப்பதா?

"இந்த வீட்டுக்கு ஊர் ஒண்டுதான்," என்று அவர் சொன்னார். "ஆர் அதை மாத்தப்போறான்?"

மாற்றியது அவரேதான். ஆடி மாதம் தந்தி வந்தது, தியாகராசாவுக்கு ஆண்பிள்ளை. தண்டையல் வம்சத்தின் அடுத்த வாரிசு அந்நிய மண்ணில் பிறந்திருக்கிறது. குணலட்சுமி பாடசாலைக்குப் போயிருந்தாள். அவள் வரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை. தேசப்படத்தைப் பார்த்து ஊரை லண்டனாக்கி, கோடைகாலத்தில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளி வைப்பார்கள் என்பதையும் மறக்காமல் சேர்த்துப் பேரனின் சாதகத்தைக் கணித்தார். சிங்க இலக்கினம். படலையடியில் போனவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். ஊரைத் திரும்பக் கொக்குவிலாக்க நினைக்கவில்லை. அடுத்த நாள், அதே துபாசியிடம், ஆழ்வாப்பிள்ளையின் மகன் நமசிவாயத்தின் சாதகத்தைக் கேட்டார்.

நமசிவாயம் பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் மருந்தாளர். குணலட்சுமிக்குப் பேசி வந்த சம்பந்தம். அதற்கு முதல் ஞாயிறு தகப்பனோடு வந்து பிறந்த நேரத்தைக் கொடுத்துவிட்டுப் போனவன். அந்தக் குடும்பமும் கப்பற்காரக் குடும்பம். சோமசேகரம் குறை சொல்ல இடமில்லாத வீடு. பிள்ளை பிறந்தபோது ஊர்ச் சாத்திரியார் ஓலையில் எழுதிய குறிப்பில் துலா இலக்கினம் என்று இருந்தது. துபாசி கன்னி என்றது. கன்னி என்றால் மீனத்தில் நிற்கும் செவ்வாய் ஏழாம் இடத்தில் வந்து விழுகிறது. செவ்வாய்க் குற்றம். குணலட்சுமிக்கு அது இல்லை. ஓலைக்கும் துபாசிக்கும் இடையில் ஒரு வீடுதான் தள்ளியிருந்தது. வாக்கியப் பஞ்சாங்கக்காரர்களின் வழமையான பிசகு என்று அவர் முடிவு கட்டினார். ஆழ்வாப்பிள்ளையை வரச் சொல்லி, கதிரையில் இருத்தி, முகத்துக்கு நேரே சொன்னார்.

"ஓலை எழுதினவர் சேவல் கூவினதை வைச்சு எழுதியிருக்கிறார், ஆழ்வாப்பிள்ளை. நான் அளந்து சொல்லுறன். உம்மடை பெடியனுக்குச் செவ்வாய் ஏழிலை. என்ரை பிள்ளையைத் தரேலாது."

ஆழ்வாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பினார். "நீங்கள் அளந்தால் சரியாத்தான் இருக்கும், அண்ணை. இவ்வளவு காலமும் தெரியாமல் இருந்திட்டம்," என்றார். போகும்போது நன்றி வேறு சொன்னார். அந்த வாரமே கொக்குவிலில் மின்சாரம் போய்த் துபாசி எல்லாவற்றையும் மறந்தது. திரும்ப ஏற்றியபோது ஊர் கொக்குவிலாகவே எழுந்து நின்றது. ஒரு தடயமும் இல்லை.

இப்போது மகள் திருத்திய துபாசியை ஏற்றிக் காட்டினாள். திரை வெளித்தது. நேரே கேள்வி வந்தது: 'நாள்?' தலைப்பு இல்லை.

"என்ரை பேர் எங்கை?"

"எடுத்துப்போட்டன். அந்த இடத்திலைதான் பழைய ஊரை எடுத்து வைக்கிறன்."

"ஆரைக் கேட்டு எடுத்தனீ?"

அவள் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. நாளும் நேரமும் எதையும் பார்க்காமல் வந்தன. துலாம். பிறகு பழைய துபாசியை ஏற்றினாள். கசெற் கீச்சிட்டு முடிந்தது. தலைப்பு பூவேலையோடு வந்து மறைந்தது. முதலில் லண்டன் பிள்ளையின் சாதகம், அதன் பின் நமசிவாயம். கன்னி. ரீவியின் நீல வெளிச்சத்தில் அந்தச் சொல் மெல்ல நடுங்கியது.

அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை ஒத்துக்கொள்ள முன் வேறொன்று அவர் கண்ணில் பட்டது.

"உந்தப் பெடியன் பிறந்த நேரம் உனக்கு எப்பிடிப் பாடம்?"

குணலட்சுமியின் கழுத்து சிவந்தது. "புதிசாச் செய்ததைப் பரிசோதிக்க ஒரு பிறந்த நேரம் தேவைப்பட்டது. ஞாபகத்திலை அதுதான் வந்தது."

"வரும். ஏன் வராது? துலாம் வரவேணும் எண்டு நீயே துபாசிக்குள்ளை கையை விட்டிருப்பாய்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. குசினியில் அகப்பைச் சத்தம் நின்றுபோனது. மகள் எழும்பி, சுவிட்சை நிறுத்தி, கைலேஞ்சியை எடுத்து மடித்து அவர் கையில் வைத்தாள்.

"உங்களிட்டைக் கணக்குப் புத்தகம் கிடக்குத்தானே. நீங்களே செய்து பாருங்கோ."

செய்து பார்த்தார். சாப்பாட்டு மேசையை ஒதுக்கிவிட்டு, அளவைக்காரர்கள் வைத்திருக்கும் மடக்கை அட்டவணையைத் திறந்து, பென்சிலைச் சீவி இருந்தார். ஒரு வரி எழுதுவார், எழும்பிப் படலை வரை நடப்பார். திரும்பி வந்து இன்னொரு வரி எழுதுவார், கிணற்றடிக்குப் போய் வாளியைச் சரிசெய்வார். மத்தியானக் கோச்சி றெயில் பாதையில் வீட்டை அதிரவைத்துக்கொண்டு போனது. எந்த நாளும் அதைக் கேட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறவர் அன்று பார்க்கவில்லை. ஞானாம்பிகை தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அது ஆறி ஆடை படர்ந்தது. வெயில் சாய்ந்தபோது விடை தாளின் அடியில் இருந்தது. துலாம். வேண்டுமென்றே ஒருமுறை பிழையாகக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் துலாம்தான்.

அன்று அவருக்கு வெளியே சொல்லாத ஓர் ஆறுதல் இருந்தது. சம்பந்தம் ஒன்று குழம்பியது, அவ்வளவுதானே. ஆழ்வாப்பிள்ளைக்கு ஒருவரை அனுப்பி, திரும்பப் பார்த்ததில் பொருந்தி வருகிறது என்று பட்டும் படாமலும் சொல்லிவிடலாம். தன் தலை குனியாமல் காரியம் முடியும். யாரை அனுப்புவது என்று யோசித்தபடியே அவர் மறுநாள் காலை படலையடியில் நின்றபோது மயிலிட்டிக் கந்தப்புவின் சைக்கிள் மணி கேட்டது.

கந்தப்பு வாரத்தில் இரண்டு நாள் மீன் கொண்டு வருகிறவன். அன்று பெட்டியை அவிழ்த்து, கையகலத்துக்கு மேலான ஒரு பெரிய பாரையைத் தூக்கிப் பிடித்தான்.

"அம்மா, சட்டியைக் கொண்டு வாங்கோ! கத்தி மொட்டையெண்டால் அதையும் சொல்லுங்கோ, நானே வெட்டித் தாறன்."

"ஏனடாப்பா, உவ்வளவு பெரிசு? இஞ்சை மூண்டு சீவன்தான்," என்றபடி ஞானாம்பிகை வந்தாள்.

"இது விக்க இல்லை அம்மா. அண்ணை தந்துவிட்டது. ஐயாவுக்கு." கந்தப்பு சோமசேகரத்தின் பக்கம் திரும்பினான். கண்கள் கலங்கியிருந்தன, சிரிப்பும் நிற்கவில்லை. "ஐயா, என்ரை தமையன்ரை மகள் மீனாம்பிகை இருக்கிறாளெல்லே. செவ்வாய்க் குற்றக்காரி. வந்த ஆக்களெல்லாம் சாதகத்தைக் கண்டால் தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிப் போயிடுவினம். பிள்ளை பிறகு பிறகு ஆரும் வந்தால் அறையை விட்டு வெளிக்கிடுறதையே விட்டிட்டாள். இப்ப பருத்தித்துறை ஆழ்வாப்பிள்ளையர் தானே தேடி வந்து கேட்டவர், ஐயா! உங்கடை மெசின் அவற்றை பெடியனுக்கும் செவ்வாய் எண்டு கண்டுபிடிச்சதாமே. அந்தப் பெரிய வீடு எங்களை எட்டியும் பாத்திருக்குமோ? எல்லாம் உங்களாலை."

சோமசேகரம் படலையின் மேற்கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளையிண்டைக்கு மாப்பிள்ளை வீட்டிலை தாலிக்குப் பொன்னுருக்கு. ஐயா கட்டாயம் வரவேணும். அண்ணை சொன்னவர், மெசின்கார ஐயாவை முன்னுக்கு இருத்தாமல் பொன்னை நெருப்பிலை போட விடமாட்டனெண்டு."

"வாறன்," என்று அவர் சொன்னார். கந்தப்பு போன பிறகும் நெடுநேரம் படலையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். கொண்டியில் ஏதோ பழுது இருப்பதுபோல.

அவரைச் சுற்றியிருந்த எல்லாம் இடம் மாறிவிட்டிருந்தன. குற்றம் இல்லாத பெடியனைக் குற்றம் உள்ள பெண்ணுக்குக் கட்டிவைக்கப் போகிறார்கள். அவர் நம்புகிற சாத்திரப்படி, ஆழ்வாப்பிள்ளை நம்புகிற சாத்திரப்படி, மீனாம்பிகையின் தகப்பனே நம்புகிற சாத்திரப்படி, அந்தப் பெடியனின் உயிருக்கு அது ஆகாது. சொல்லாமல் இருந்தால் அந்த உயிர் அவர் கணக்கில். சொன்னாலோ, அறையை விட்டு வெளியே வந்த ஒரு பிள்ளையைத் திரும்ப உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது அவர் கை. அதற்கு மேலே ஊர் என்ன சொல்லும்? தன் மகளுக்கு வேண்டாமென்று தள்ளிய மாப்பிள்ளையை, மற்றவள் கை வைத்ததும் பறிக்க வந்துவிட்டார் தண்டையல் பேரன் என்று சொல்லும். சந்தையிலும் பஸ்சிலும் சொல்லும். அவர் செத்த வீட்டிலும் சொல்லும்.

பாரைமீன் சட்டியில் மஞ்சள் பூசி இருந்தது. ஞானாம்பிகை அதை அடுப்பில் வைக்கவில்லை. "என்னெண்டு இதைத் தின்னுறது," என்று ஒரு முறை சொல்லிவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

"மூண்டு வீட்டு மானம், பிள்ளை," என்று அவர் பின்னேரம் மகளிடம் சொன்னார். குரல் அவருடையது போல இல்லை. "வாயைத் திறந்தால் மூண்டு வீட்டு மானமும் போம்."

"திறக்காட்டி?"

குணலட்சுமி உலர்ந்த உடுப்புகளைக் கொடியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் அண்டைக்குத் தகப்பனோடை வந்தபோது ஒண்டு கேட்டவர், அப்பா. நீங்கள் ஆழ்வாப்பிள்ளை மாமாவோடை கதைச்சுக்கொண்டிருந்தனீங்கள். கரண்ட் போனால் உது என்ன செய்யுமெண்டு கேட்டார். சொன்னதெல்லாத்தையும் மறந்துபோமெண்டு சொன்னன். நல்ல குணம், எங்கடை ஆக்களுக்கும் அப்பிடி ஒரு சுவிச் இருந்தால் நல்லதெண்டார். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது." அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அவ்வளவுதான். அதுக்கு மேலை ஒண்டுமில்லை. நான் அவரைக் கட்டமாட்டன். அதை அங்கை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டு மற்றதைச் சொல்லுங்கோ. அப்ப ஆரும் உங்களைப் பறிக்க வந்தவரெண்டு சொல்லமாட்டினம்."

"உன்னை ஆர் உதைச் சொல்லச் சொன்னது?"

"துபாசிக்குள்ளை இருந்த பிழையை நான் திருத்திப்போட்டன். இனி ஊர் தானாத் திரும்பி வரும். வெளியிலை போன கன்னியை நான் எந்தக் கட்டளை குடுத்துத் திருப்பி எடுக்கிறது? அதைக் கொண்டுபோனது உங்கடை வாய், அப்பா."

முப்பது வருடத்தில் எந்த மேலதிகாரியும் அவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. அறைந்திருக்கலாம். கை எழவில்லை. அவள் மடித்த வேட்டியை அவர் முன் வைத்தாள். சலவை கலையாத, கரை அகன்ற வேட்டி. நல்ல காரியங்களுக்கு உடுப்பது.

பொன்னுருக்கன்று காலைப் பஸ்சில் அவருக்கு யன்னலோரம் இடம் கிடைத்தது. முதுகை இருக்கையில் சாய்க்காமல் குடையை முழங்கால்களுக்கு நடுவில் ஊன்றி இருந்தார். புகையிலைத் தோட்டங்களும் பனங்கூடல்களும் போயின. ஆழ்வாப்பிள்ளையைப் படலையடியிலேயே பிடித்து, ஒரு பக்கம் கூட்டிப்போய், நாலே சொல்லில் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொற்களை அவர் வழிநெடுகத் தேடினார். பிழை நடந்துபோச்சு. மெசின் பிழை விட்டிட்டுது. கரண்டாலை வந்த வினை. ஒவ்வொன்றும் வாய்வரை வந்து புளித்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன ஐயா, ஏதும் சொன்னனீங்களோ?" என்று கேட்டார். "இல்லை," என்றார். நெல்லியடியில் பஸ் நெடுநேரம் நின்றது. நடத்துநர் யாரோ ஒருவருடைய வாழைக்குலையை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். சோமசேகரம் எழும்பினார், இருந்தார், திரும்பவும் எழும்பினார். இறங்கி மற்றப் பக்கத்துப் பஸ்சைப் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். பஸ் வெளிக்கிட்டது.

ஆழ்வாப்பிள்ளை வீட்டு முற்றத்தில் சின்னப் பந்தல். பின்வளவுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. அவர் நினைத்ததற்கு மாறாகப் படலையடியில் நின்றது ஆழ்வாப்பிள்ளை அல்ல, கந்தப்பு. புதுச் சாரம், நெற்றியில் விபூதி.

"வந்திட்டார்! அண்ணை, ஐயா வந்திட்டார்!" அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். "நேரம் துவங்கிட்டுது ஐயா, கெதியா வாங்கோ."

"ஆழ்வாப்பிள்ளையோடை ஒரு கதை..."

"பிறகு கதைக்கலாம், ஐயா. நல்ல நேரம் போயிடும்."

முன்வரிசையில் வெள்ளை விரித்த ஒரு கதிரை அவருக்கென்று வெறுமையாக இருந்தது. அவர் இருந்தார். எதிரே, மெழுகிய தரையில் பத்தர் உமியும் கரியும் இட்ட சட்டியை ஊதிக் கனல வைத்துக்கொண்டிருந்தார். நிறைகுடம், குத்துவிளக்கு, தேங்காய், பூ. நமசிவாயம் பட்டு வேட்டியோடு பலகையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் ஆழ்வாப்பிள்ளை. மற்றப் பக்கம் மயிலிட்டியார். கந்தப்புவின் தமையன், கடல் வெயிலில் கறுத்த மெலிந்த மனிதர், தோளில் சால்வையை எப்படிப் போடுவதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சோமசேகரத்தைக் கண்டதும் அந்தச் சால்வையோடு எழுந்து கும்பிட்டார்.

தாலிக்கான பவுண் காசை வெற்றிலைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவராகத் தொட்டு, மனதுக்குள் வாழ்த்தி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். தட்டு நெருங்கி வந்தது. ஒரு கை தொடுகிற நேரம், இன்னொரு கை தொடுகிற நேரம். கடைசியில் அது சோமசேகரத்தின் மடிக்கு வந்தது. இனி அது பத்தரிடம் போகவேண்டும். கடைசியாகத் தொடுகிற மரியாதையை அவருக்கென்று ஒதுக்கியிருந்தார்கள்.

அவர் காசைத் தொடவில்லை. தட்டோடு எழும்பி நின்றார்.

"ஆழ்வாப்பிள்ளை," என்றார். தாம் நினைத்ததைவிட உரக்கக் கேட்டது. "என்ரை மகள் உம்மடை மகனைக் கட்டமாட்டாள். அதை முதல் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. இனி ஒரு காலமும் அந்தக் கதை இல்லை."

பந்தலுக்குள் ஒரு முணுமுணுப்பு. ஆழ்வாப்பிள்ளை விளங்காமல் பார்த்தார். "அது முடிஞ்ச கதைதானே, அண்ணை. இப்ப ஏன்..."

"உம்மடை ஓலை சரி. பெடியனுக்குத் துலா இலக்கினம். செவ்வாய் ஆறிலை, குற்றமில்லை. லண்டனிலை பிறந்த என்ரை பேரன்ரை சாதகத்தைப் பாத்திட்டு, ஊரைத் திருப்பி மாத்தாமல், அதே ஊரிலை வைச்சு உம்மடை மகன்ரையைக் கணிச்சனான். மெசினிலை பிழையில்லை. நான் விட்ட பிழை."

உள்ளே சமையற்கட்டில் பெண்களின் பேச்சு ஒவ்வொரு குரலாக நின்றது. கந்தப்பு முதலில் சிரித்தான், ஐயா ஏதோ பகிடி விடுகிறார் என்பதுபோல. பிறகு தமையனைப் பார்த்தான். சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. கறுத்த மனிதரின் சால்வை ஒரு பக்கம் வழுகித் தரையில் கிடந்தது.

"அண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள் எண்டு தெரிஞ்சுதான் சொல்லுறியளோ?" ஆழ்வாப்பிள்ளையின் குரல் உடைந்திருந்தது. "முந்தி அளந்தனான் எண்டு சொன்னீங்கள். இப்பவும் அளந்தனான் எண்டு சொல்லுறியள். நான் எதை நம்ப?"

தட்டு சோமசேகரத்தின் கையில் கனத்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதிரையில் வைக்கமுடியாது, தரையில் வைக்கமுடியாது. வாழ்நாளில் முதன்முறையாகத் தன் முதுகு வளைவதை அவர் உணர்ந்தார்.

நமசிவாயம் பலகையை விட்டு எழும்பினான். இடையில் எழும்பக்கூடாதென்று ஒரு கிழவி உள்ளிருந்து சத்தம் போட்டாள். அவன் கேட்டதாகக் காட்டவில்லை. பட்டு வேட்டி தடக்க மெதுவாக நடந்து வந்து, சோமசேகரத்தின் கைகளிலிருந்து தட்டை இரண்டு கைகளாலும் வாங்கினான். ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு மயிலிட்டியாரின் பக்கம் பார்த்தான். தரையில் கிடந்த சால்வையை, அதை எடுக்காத அந்தக் கைகளை.

பத்தர் ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்தார். கரி சிவந்து, மேலே காற்று நெளிந்தது.

"தம்பி, நேரம் போகுது. போடுறதோ, விடுறதோ?"

நமசிவாயம் நெருப்புக்கும் தகப்பனுக்கும் நடுவில் நின்றான். தட்டில் வெற்றிலையின் மேல் பவுண் காசு மெல்ல வழுகி, விளிம்பில் முட்டி, நின்றது.